புத்தி பாப்பாவுக்கு இல்ல, உங்களுக்குத்தான்

கேள்வி: ஆசிரியர் ஐயா, வணக்கம். என் மக எஸ்டிபிஎம் பரீட்சை முடிச்சிட்டா, நல்ல ரிசல்ட். டீச்சருக்குப் படிம்மான்னா கேக்காம, சினிமாதான் படிப்பேன், பொம்பள டைரக்டருங்களப் பத்தி ஆய்வு பண்ணப்போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அவங்கம்மாகிட்ட கேட்டதுக்கு 'அப்பாவக் கேட்டுக்கோ'ன்னுட்டாளாம். தமிழ்ல பொம்பள டைரக்டருங்கள விரல் விட்டு எண்ணிடலாம், அதுல ஆய்வு பண்ண என்னங்கய்யா இருக்கு? நீங்களே புத்தி சொல்லுங்க. - ஒரு தகப்பன், சுங்கை சிப்புட்

பதில்: புத்தி சொல்றேங்கய்யா, ஆனா பாப்பாவுக்கு இல்ல. விரல் விட்டு எண்ணிடலாம்னு எழுதியிருக்கீங்களே, சரி, எண்ணுங்க பாப்போம். முதல் தமிழ் பேசும்படம் காளிதாஸ், 1931, அதுல கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி, இது வரைக்கும் நமக்கெல்லாம் தெரியும், அதே அம்மா 1936ல தான் எழுதுன நாவலையே மிஸ் கமலான்னு படமா டைரக்ட் பண்ணுனது தெரியுமா? பானுமதி 1953ல சண்டிராணிய தமிழ், தெலுங்கு, இந்தின்னு மூணு பாஷையில எடுத்தாங்க, நடிப்பும் அவங்கதான், டைரக்சனும் அவங்கதான். சாவித்திரிக்காக அழாத ஆளு நம்ம செட்டுல உண்டா, ஆனா சிவாஜி நடிச்ச பிராப்தம், 1971ல வந்தது, அத டைரக்ட் பண்ணுனது சாவித்திரின்னா 'அட, அப்படியா'ன்னுதான் கேப்பீங்க. நானும் அப்படித்தான் கேட்டேன், அதுவும் தல நரைச்சப்புறம். இருந்தவங்களையும் நடிகையா மட்டும் ஞாபகம் வச்சிக்கிட்டு மிச்சத்த மறந்துட்டோம் பாருங்க, அது எப்படி நடந்துச்சின்னு உங்க மக தேடட்டுமே. வெள்ளக்காரன் ஒண்ணும் பெருசா கிழிச்சிடல, ஆஸ்கார் 1929ல ஆரம்பிச்சது, டைரக்டர் விருது ஒரு பொம்பள கைக்கு வர 2010 ஆயிடுச்சி.

அப்புறம், இந்தப் படிப்பு தலைய எண்ணுற படிப்பு இல்ல. கேமரா யாரு கண்ணு வழியா பாக்குதுன்றதுதான் விஷயம், லாரா மல்வின்னு ஒரு அம்மா 1975லயே இதப் பத்திக் கட்டுரை எழுதி, இன்னிக்கி வரைக்கும் அதவச்சி சண்ட போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நம்ம படத்துல பாருங்க, கதாநாயகன் வர்றப்ப முதல்ல செருப்பு, புழுதி பறக்கும், அப்புறம் நேரா மூஞ்சி, விசிலு. கதாநாயகிக்கும் கால்லதான் ஆரம்பிக்கும், கொலுசு, ஆனா மூஞ்சிக்குப் போற வழியில கேமரா இடுப்புல எறங்கி தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகும்.

நான் வளந்த தோட்டத்துல சம்பளம் போட்ட வாரம் திடல்ல வெள்ளத்துணி கட்டிப் படம் போடுவாங்க. ஆம்பளைங்க சாயங்காலமே பாய விரிச்சி முன்னாடி எடம் புடிச்சிடுவாங்க, எங்கம்மா காலையில பெரட்டுக்குப் போயி பேர் கொடுத்து, ரப்பர் மரத்துல பால் வெட்டி, வந்து சமைச்சி, சட்டி பானை கழுவிட்டு வர்றதுக்குள்ள எடம் எல்லாம் போயிடும், அதனால அம்மாவும் லயத்துப் பொம்பளைங்க நாலஞ்சி பேரும் துணிக்கு அந்தப்பக்கம் போயி உக்காந்துக்குவாங்க. அங்கேருந்து பாத்தா எழுத்தெல்லாம் தலைகீழ் இல்ல, எடவலமா திரும்பி நிக்கும், எம்ஜிஆர் எடது கையில வாள் சுத்துவாரு. ரொம்ப நாளு வரைக்கும் எங்கம்மா அவர பீச்சாங்கைக்காரருன்னே நெனச்சிக்கிட்டு இருந்தாங்க. வீட்டுல இதச் சொல்லிச் சொல்லி சிரிப்போம், அவங்களுக்கு ஏன் முன்னாடி எடம் கெடைக்கலன்னு ஒருத்தரும் கேட்டதில்ல, நானும் கேக்கல.

நம்ம மலேசியாவுக்கே வாங்க. யாஸ்மின் அமாட் மூவார்ல பொறந்த மலாய்க்கார அம்மா, அவங்க 2009ல எடுத்த டேலன்டைம் படத்துல மகேஷ்ன்ற தமிழ்ப் பையனோட அம்மா வீட்டுக்குள்ள தமிழ் பேசுறத கேட்டீங்கன்னா பக்கத்து வீட்டுல பேசுற மாதிரியே இருக்கும், மகன் முஸ்லிம் பொண்ண விரும்புறத ஒத்துக்க மாட்டாங்க, ஆனா வில்லியா காட்டியிருக்க மாட்டாங்க. அமாண்டா நெல் யூ 2023ல எடுத்த டைகர் ஸ்ட்ரைப்ஸ், வயசுக்கு வர்ற ஒரு கிராமத்துப் புள்ள புலியா மாறுற கதை, கான் திரைப்பட விழாவுல விமர்சகர் வாரத்துல பெரிய பரிசே வாங்குச்சி. இங்க தியேட்டருக்கு வந்தப்ப சென்சார் வெட்டுன வெட்டுல இது என் படமே இல்லன்னு டைரக்டரே சொல்லிட்டாங்க. வயசுக்கு வந்த புள்ளைக்கு மண்டபம் புடிச்சி சடங்கு வைக்கிற நமக்கு அதப் பத்திப் பேச ஒண்ணுமே இல்லையா?

அதுக்காக பொம்பள எடுத்தாலே ஒசத்தின்னு எழுதித் தள்ளுனா அந்த ஆய்வ நான் தொடக்கூட மாட்டேன். சுதா கொங்கரா சூரரைப் போற்று எடுத்தாங்க, சூர்யா படம்தான், ஹீரோ படம்தான், அதுல பேக்கரி நடத்துற பொம்மி பாத்திரம் ஒரு ஆம்பள டைரக்டர் கையில வேற மாதிரி ஆயிருக்குமா ஆயிருக்காதா, இந்த மாதிரி கேள்விக்கு சும்மா பதில் சொல்ல முடியாது, உக்காந்து பாக்கணும்.

வேலை கெடைக்குமா, பிடிபிடிஎன் படிப்புக் கடன எப்படிக் கட்டுவான்னு கேட்டிருந்தீங்கன்னா அது தகப்பன் கேக்குற நியாயமான கேள்வி, நானும் பயந்துதான் பதில் எழுதியிருப்பேன். நீங்க அதக் கேக்கலையே.

இன்னொண்ணு. அலிசன் பெக்டல் 1985ல ஒரு கார்ட்டூன்ல விளையாட்டா ஒரு டெஸ்ட் வச்சாங்க: கதையில ரெண்டு பொம்பளைங்க இருக்கணும், ஒருத்தரோட ஒருத்தர் பேசணும், அந்தப் பேச்சு ஆம்பளையப் பத்தி இருக்கக் கூடாது. பேரும் இருக்கணும்னு பின்னாடி சேத்துக்கிட்டாங்க. உங்க கடிதத்தையே எடுத்துக்குங்க, மகளும் சம்சாரமும் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் பேரு இல்ல, அவங்க பேசிக்கிட்டது ஒரே ஒரு வரி, அதுவும் உங்களப் பத்தி. பெயிலுங்கய்யா. அடுத்த கடிதத்த பாப்பாவையே எழுதச் சொல்லுங்க, பேரு போட்டு.