சைகோனில் பாட்டையாவின் தெரு

அன்புள்ள ஆச்சிக்கு,

போன மாதம் தனியாக சைகோன் போய் ஏழு நாள் இருந்துவிட்டு வந்தேன். எங்கள் பாட்டையா கொண்டுவிற்க, அதாவது வட்டிக்குக் கொடுத்து வாங்கும் தொழில் செய்யப் போன ஊர். அவர் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியைப் பார்த்து வருகிறேன் என்று அப்பத்தாவிடம் சொல்லித்தான் கிளம்பினேன். பழைய கடித உறையில் 'ரூ ஓயியே' என்ற தெருப்பெயர் மட்டும் இருந்தது. தங்கிய விடுதியில் முதல் நாளே மூன்று பேர் பழக்கமானார்கள். அங்கே வேலை பார்க்கும் வியட்நாம் கல்லூரிப் பெண், பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர், ஒரு கொரியப் பையன். பிறகு எல்லா நாளும் அவர்களோடுதான். உறையில் இருந்த பெயரில் ஒரு தெருவே அங்கே இல்லை. கடைசி நாள் தண்டாயுதபாணி கோயிலில் ஒரு மணி நேரம் இருந்ததோடு சரி. "ஊர் சுத்திட்டு வந்தியாக்கும்" என்கிறார் அப்பத்தா. எங்கள் நாலு பேர் வாட்ஸப் குழுவும் ஓய்ந்துவிட்டது. போன வேலையை விட்டுவிட்டு யாரோடோ சுற்றினேனோ என்று உறுத்துகிறது.

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் நல்ல செய்தி. நீங்கள் அந்தத் தெருவுக்குப் போய்விட்டீர்கள். தண்டாயுதபாணி கோயில் இருக்கும் டோன் தாட் தியெப் தெருதான் பிரெஞ்சுக்காரர் காலத்து ரூ ஓயியே. நம் செட்டியார்கள் கடை வைத்திருந்த தெரு அது. பிரெஞ்சு ஆட்சி போனபோதும், 1975க்குப் பிறகும் சைகோனில் தெருப்பெயர்கள் மாறின. ரூ கத்தினா என்ற பெரிய தெரு து யோ ஆனது, பிறகு தோங் கோய் ஆனது. ஊர்ப் பெயரே 1976இல் ஹோ சி மின் நகரம் ஆகிவிட்டது. பழைய உறையை வைத்துக்கொண்டு கைபேசியில் தேடினால் கிடைக்காமல் போனது உங்கள் தப்பில்லை. உங்களை அங்கே கூட்டிப்போனது அந்த வியட்நாம் பெண்தானே?

உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். விட்டுப்போன பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மோட்டார் சைக்கிள் வெள்ளத்தைப் பார்த்து நீங்கள் நடைபாதையிலேயே நின்றதும், அந்தப் பெண் கையைப் பிடித்து, ஓடாதே, நிற்காதே, பின்வாங்காதே, ஒரே சீராக நட, அவர்கள் விலகிப் போவார்கள் என்று சொன்னதும். அப்புறம் மாரியம்மன் கோயிலில் அவள் கல் சுவரில் நெற்றியை வைத்து முணுமுணுத்தது. என்ன வேண்டினாய் என்று கேட்டதற்கு, அம்மாவுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்றாளாம். தனியாகப் போயிருந்தால் சுவரைப் பார்த்திருப்பீர்கள். அவள் அம்மாவைப் பற்றித் தெரிந்திருக்காது.

2016இல் நான் ஒரு சுற்றுலாக் குழுவோடு யாங்கோன், அதாவது பழைய ரங்கூன் போனேன். மூன்று நாள் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் ஊரைப் பார்த்தேன். நாலாம் நாள் காய்ச்சல், குழு என்னை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டது. விடுதியில் துணி மடிக்கும் பர்மாத் தமிழ்ப் பெண் ஒருவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார். காய்ச்சல் விட்டதும் ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போனார். 39 நிலையம், மூன்று மணி நேரம். கீரைக் கூடையோடு ஏறுகிற பெண்கள் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. யாங்கோன் என்றால் இன்றும் எனக்கு அந்த ரயில்தான். அதன்பின் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஆனாலும் அவரை என் தோழி என்றுதான் சொல்வேன்.

பாட்டையாக்கள் போனது வேறு மாதிரி. எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகப் போய், கடையை நடத்துபவருக்கு உதவியாளான அடுத்தாளாகி, கிட்டங்கித் தரையில் பத்துப் பேரோடு படுத்து, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். கடுமையான வாழ்க்கை. ஆனால் அந்த ஊர்க்காரர்களை அவர்கள் பார்த்தது பெரும்பாலும் பேரேட்டின் வழியாகத்தான். பர்மாவில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல், 1930களின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. இழந்த விவசாயிக்கு நம்மீது கோபம் இல்லாமல் இருக்குமா? நம் வீட்டு பர்மாத் தேக்குத் தூண்களைத் தொடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

உங்கள் வீட்டிலிருந்து சைகோன் போய், கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாமல் அந்த ஊர்ப் பெண்ணின் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும். அதுவும் ஒரு பெண். அப்பத்தா காலத்தில் ஆண்கள் கப்பல் ஏறினார்கள், பெண்கள் முகப்பில் நின்று வழியனுப்பினார்கள். அவர் குரலில் கோபம் மட்டும்தான் இருக்கிறதா என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

குழு ஓய்ந்தால் ஓயட்டும். அந்த வியட்நாம் பெண்ணுக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். தெருப்பெயர் கதையைச் சொல்லி, கோயிலை அடுத்துப் பழைய கட்டடம் ஏதாவது மிஞ்சியிருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் நாலு பேரும் கோயில் வாசலில் நிற்கும் படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு அப்பத்தாவிடம் கொடுத்து, இதுதான் பாட்டையா தெரு என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் யார் என்று நிச்சயம் கேட்பார்.

அன்புடன்,
ஆச்சி
காரைக்குடி