டெல்டாவிலிருந்து கேதார்காந்தா போகலாமா? பனி எப்போது, தண்ணீர் எப்படி?

மன்னார்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம், கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், டிசம்பர் கடைசி வாரம் கேதார்காந்தா ஏறலாமா, பனி இருக்குமா, பக்கத்தில் ஆறு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஏறலாம். தேதியை மட்டும் மாற்றச் சொல்வேன். "சமவெளிக்காரர்களுக்கு இமயமலை எதற்கு, உடம்பு தாங்காது" என்று இங்கேயே யாராவது எழுதுவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உயரத்தால் வரும் நோய் சொந்த ஊரைப் பார்ப்பதில்லை, ஏறும் வேகத்தைத்தான் பார்க்கிறது.

உச்சி 12,500 அடி, உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டம். டேராடூனிலிருந்து மசூரி, புரோலா, மோரி வழியாகச் சாங்க்ரி கிராமம் சுமார் 200 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் ஒரு முழுப் பகல் போய்விடும். பணத்தைப் புரோலாவிலேயே எடுத்துவிடுங்கள். சாங்க்ரி சுமார் 6,400 அடி. அடுத்த தங்கல் ஜூடா கா தாலாப் ஏரி, சுமார் 9,100 அடி. அதற்கடுத்தது 11,000 அடிக்கு மேல். தலைவலியோடு வாந்தியும் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே நடக்கக் கூடாது, இறங்கிவிட வேண்டும்.

அங்கே குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறுகள், அதாவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் மழை மேகக் கூட்டங்கள். நம் வடகிழக்குப் பருவமழை மாதிரியே ஒரு வருடம் கொட்டும், ஒரு வருடம் ஏமாற்றும். டிசம்பர் கடைசியில் முழங்கால் அளவும் கிடக்கலாம், உச்சிப் பக்கம் மட்டும் திட்டுத்திட்டாகவும் இருக்கலாம். ஜனவரியில் எடுத்த படத்தைக் காட்டி டிசம்பருக்கு முன்பணம் வாங்குபவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்த விடுமுறை வாரத்தில் கூட்டமும் அதிகம். மிதிபட்டு மிதிபட்டுப் பாதை வழுவழுவென்று ஐஸாகிவிடும். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரம் போங்கள். சம்பா அறுவடை முடிந்திருக்கும், மேலே பனியும் கனமாக இருக்கும், பகலும் நீளம்.

உச்சிக்கு அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே கிளப்புவார்கள். சூரிய உதயம் பார்க்க மட்டும் அல்ல. இரவுக் குளிரில் பனியின் மேற்பரப்பு இறுகியிருக்கும், கால் நிற்கும். வெயில் ஏறினால் அதே இடம் சேறடித்த நடவு வயல் மாதிரி தொடை வரை உள்வாங்கும். ஏறும்போது காலணி நுனியால் உதைத்துப் படி வெட்டுங்கள். இறங்கும்போது குதிகாலை அழுத்தி ஊன்றுங்கள். காலணிக்கு அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்கில் முள் முழுவதும் அடிப்பாகத்துக்கு நேராக வர வேண்டும். ரப்பர் தளர்ந்திருந்தால் சங்கிலி பக்கவாட்டில் விலகிக் கணுக்கால் பிசகும். வாடகைக்கு எடுக்கும்போதே உங்கள் காலணியில் மாட்டி நடந்து பாருங்கள். பனி புகாமல் காலணிக்கு மேல் காலைச் சுற்றிக் கட்டும் உறைதான் கெய்ட்டர். அதன் முன் கொக்கியைக் காலணி லேஸில் மாட்டாவிட்டால் அது மேலேறி, பனி உள்ளே புகுந்து சாக்ஸ் நனையும். பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் கட்டியாகிப் பாட்டிலிலிருந்தே வராது, வாசலின் எடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்களை நினைத்துப் பயப்படுகிறேன். சாங்க்ரிக்குக் கீழே ஓடுவது சுபின். நைட்வாரில் அதுவும் ரூபினும் சேர்ந்து டோன்ஸ் ஆகிறது. டோன்ஸ் கால்சி பக்கம் யமுனையில் கலக்கிறது. கலக்கும் இடத்தில் யமுனையைவிட டோன்ஸில்தான் தண்ணீர் அதிகம். நம் காவிரி மழையையும் மேட்டூர் திறப்பையும் நம்பி வருவது. அங்கே பனி உருகத் தொடங்கிவிட்டால் ஓடைகள் காலையில் குறைந்தும் பிற்பகலில் பெருகியும் ஓடும், கடப்பதானால் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வாய்க்காலில் குதித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். இறங்க விடாதீர்கள். விழுந்த நொடியிலேயே மூச்சு திணறி வாய் தானாகத் திறக்கும், சில நிமிடங்களில் கை கால் மரத்துப்போகும். நீச்சல் தெரிந்தும் பயனில்லை. கரைப் பாறைகளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ் படிந்திருக்கும். உறைந்த ஏரியின் மேலும் நடக்க வேண்டாம்.

குடிநீர் பாட்டிலைக் கம்பளி சாக்ஸில் போட்டுத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், அப்படி வைத்தால் மூடிப் பக்கம் திறந்திருக்கும். பனியை அப்படியே வாயில் போட்டால் உடம்புச் சூடுதான் போகும். உருக்குவதானால் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பனியைச் சேருங்கள், இல்லாவிட்டால் அடி கருகும். பிறகு நன்றாகக் கொதிக்க விட்டுக் குடியுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஜூடா கா தாலாப் ஏரிக்கரையில் பிஸ்கட் உறையைப் போடாதீர்கள். ஆடிப்பெருக்கு முடிந்ததும் படித்துறையில் விட்ட துணியும் பாலித்தீனும் மதகில் அடைத்து, கடைமடைக்குத் தண்ணீர் ஏறாமல் நிற்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் வருடாவருடம் விடுகிறோம். எனக்கு அதில் தீராத கோபம் உண்டு.

பயிற்சிக்கு இங்கே மேடு இல்லை என்று சொல்லாதீர்கள். சுவாமிமலையின் 60 படிகளில் தொடங்குங்கள். இரண்டு மாதம் முன்பிருந்தே முதுகில் ஐந்து கிலோ அரிசியோடு திருச்சி மலைக்கோட்டையின் 400க்கும் மேற்பட்ட படிகளை வாரம் ஒருமுறை ஏறுங்கள். ஏறுவதைவிட இறங்குவதைக் கூடுதலாகப் பழகுங்கள். கேதார்காந்தாவில் முழங்கால் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் திரும்பி வரும் வழியில்தான்.