சேவலைப் பிரித்து வையுங்கள், முட்டை தாங்கும்

கேள்வி: மணப்பாறைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டில் 14 நாட்டுக்கோழி, 2 சேவல். முட்டையைச் சேர்த்து வைத்துச் சனிக்கிழமைதோறும் டவுனில் தெரிந்த வீடுகளுக்குக் கொடுக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து, உடைத்தால் உள்ளே ரத்தக் கோடு இருக்கிறது என்று இரண்டு வீட்டில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் எடுத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, அடுப்படி அலமாரியில் வைப்பேன். வியாழக்கிழமை வாக்கில் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுவேன். மருந்துக் கடையில் முட்டை கழுவ ஒரு திரவம் இருக்கிறதாம், அதில் முக்கினால் ஒரு மாதம் தாங்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. முட்டையை இயந்திரத்தில், வெந்நீரில் கழுவும் பெரிய பண்ணைகளுக்கு உள்ள சரக்கை 14 கோழி வைத்திருப்பவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். உங்கள் முட்டைக்குள் ரத்தக் கோடு வந்ததற்குக் காரணம் ஓட்டின் மேலுள்ள அழுக்கு இல்லை. உள்ளே கரு வளர ஆரம்பித்திருக்கிறது. அதை எந்தத் திரவம் தடுக்கும்?

எப்படி வைப்பது என்று கேட்கிறீர்கள். சாப்பாட்டு முட்டைக்குச் சேவல் எதற்கு என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நாமக்கல் பண்ணைகளில் முட்டைக் கோழிக் கூண்டுகளில் சேவலே கிடையாது. தினமும் லாரி லாரியாக முட்டை போகிறது. சேவல் சேர்ந்து கருக்கூடிய முட்டையில் சத்து அதிகம் என்பதும் வெறும் பேச்சுதான், சாப்பிடுகிறவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் வைத்திருப்பவருக்கு வித்தியாசம் பெரிது. சுமார் 20 டிகிரிக்குக் கீழே கரு உறங்கும். 27 டிகிரியைத் தாண்டினால் மெல்ல விழித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில், அதுவும் அடுப்படி அலமாரியில், என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மூன்று நாள் அங்கே இருந்துவிட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகும்போது உள்ளே நரம்பு ஓடியிருக்கும். குளிர் அந்தக் கருவைக் கொல்லும், ஓடிய நரம்பை அழிக்காது. மஞ்சள் கருவின் மேல் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் இருந்தால் அது வேறு. கோழியின் உடம்பில் சின்ன நரம்பு வெடித்து விழுந்த துளி, தாராளமாகச் சாப்பிடலாம்.

அதனால் இரண்டு சேவலையும் பிரித்து வேறு இடத்தில் அடையுங்கள். பிரித்த மறுநாளே பலன் பார்க்காதீர்கள், பழைய சேர்க்கையில் கருக்கூடிய முட்டை இரண்டு மூன்று வாரம் வரை வரும். குஞ்சு வேண்டும் என்றால் நல்ல கோழியாக இரண்டு மூன்றைச் சேவலோடு தனியாக விடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் அந்த முட்டை அடைக்கு ஆகும். அடைக்கு வைக்கிற முட்டையும் விற்கிற முட்டையும் ஒரே தட்டில் கலக்கவே கூடாது. கொல்லையில் கோழி வளர்ப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான், கேட்பவர்கள் குறைவு. சேவல் கூவாமல் வீடு நன்றாக இல்லை என்பார்கள். கூவட்டும், தனிக் கூட்டிலிருந்து கூவட்டும்.

அடுத்தது, சாயங்காலம் வரை முட்டையைக் கூட்டில் விடாதீர்கள். பதினொரு மணி வாக்கில் ஒரு தரம், மூன்று மணிக்கு ஒரு தரம் எடுத்துவிடுங்கள். அடைக் குணத்தில் ஒரு கோழி இருந்தால் போதும், மற்ற கோழிகளின் முட்டை மேலேயும் அதுதான் உட்கார்ந்திருக்கும். கூட்டில் முட்டை சேரச் சேர அடுத்தடுத்த கோழிக்கும் அடை வந்து முட்டையிடுவது நின்றுபோகும்.

கழுவுவதை இன்றோடு விடுங்கள். இட்டவுடன் ஈரமாக இருந்து காய்கிறதே ஒரு மெல்லிய பூச்சு, ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான துவாரங்களை அதுதான் அடைத்து வைத்திருக்கிறது. தண்ணீர் அதைக் கரைத்துவிடும். வெதுவெதுப்பான முட்டை குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் பட்டால் உள்ளிருப்பது சுருங்கி, வெளி அழுக்கையும் கிருமியையும் துவாரம் வழியே உள்ளே இழுக்கும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்தபின் தேங்காய் நாரால் லேசாகத் தேயுங்கள். ரொம்ப அழுக்கானதை விற்காமல் அன்றே வீட்டுக்கு வைத்துக்கொண்டு, சமைக்கும் நேரத்தில் கழுவுங்கள். தினமும் முட்டை அழுக்காகிறது என்றால் இரவில் கோழி முட்டையிடும் பெட்டியிலேயே தூங்குகிறது என்று அர்த்தம். பொழுது சாயும்போது பெட்டி வாயை மூடிவிட்டு, வாரம் ஒருமுறை வைக்கோலை மாற்றுங்கள்.

எடுத்த முட்டை அன்றைக்கே ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் குலுங்கும், சூடும் ஏறி இறங்கும். உள் தட்டில், மூடியுள்ள டப்பாவில், அகன்ற முனை மேலே இருக்கும்படி அடுக்குங்கள். மூடாமல் வைத்தால் பூண்டு, கருவாட்டு வாடையெல்லாம் முட்டை பிடித்துக்கொள்ளும். மூன்று வாரம் தாராளமாக நிற்கும். உள்ளே வைத்ததை வெளியே எடுத்தால் வியர்க்கும், மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். ஃப்ரிட்ஜில் இடமில்லை என்றால் ஈர மணலில் புதைத்த மண்பானையில் முட்டையை வைத்து, வாயில் துணி கட்டி நிழலில் வையுங்கள். உங்கள் ஊர் வறண்ட வெயிலுக்கு அது நன்றாகக் குளிரும். மணல் காயக் கூடாது.

ஒரு மாதம் போல வெளியிலேயே வைக்க வேண்டும் என்றால் சுண்ணாம்பு இருக்கிறது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கல்லில் ஒரு லிட்டர் கொதிநீர் ஊற்றுங்கள். பொங்கித் தெறிக்கும், கண்ணும் கையும் பத்திரம், பிளாஸ்டிக் வாளி வேண்டாம். ஆறியபின் ஐந்து லிட்டர் தண்ணீரும் கால் கிலோ உப்பும் கலந்து, தெளிந்ததை வடிகட்டி, அன்றன்று எடுத்த சுத்தமான முட்டையை ஓர் இரவு ஊறவைத்து நிழலில் காயவிடுங்கள். துவாரம் அடைபட்டு வெளியிலேயே மூன்று நான்கு வாரம் தாங்கும். கரு வளர ஆரம்பித்த முட்டையை இதுவும் நல்லதாக்காது.

இப்போது ஃப்ரிட்ஜில் இருப்பவற்றை இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் முனையில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். சிவப்பு வளையமோ நரம்போ தெரிந்தால் கொல்லையில் புதைத்துவிடுங்கள். தெளிவாக இருப்பதைத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, நன்றாக வேகவைத்து வீட்டிலேயே சாப்பிடுங்கள். ஏற்கெனவே கழுவியவை என்பதால் விற்பனைக்கு வேண்டாம்.