‘இசபெல்லா’ நிறக் குதிரை: பெயர் எங்கிருந்து வந்தது?

பொன்னிற உடலும் வெண்மையான பிடரியும் வாலும் கொண்ட குதிரையை, அமெரிக்கர் ‘பாலோமினோ’ என்றும் ஜெர்மானியர் ‘இசபெல்’ என்றும் அழைக்கிறார்கள். இந்த இரண்டாம் பெயர் ஓர் அரசியின் அழுக்கேறிய உள்ளாடையிலிருந்து வந்தது என்பது உண்மையா என்பதே கேள்வி.

கதை இதுதான்: ஸ்பெயினின் இளவரசி இசபெல்லா, தம் கணவர் ஆல்பர்ட் ஓஸ்டெண்டு நகரைக் கைப்பற்றும் வரை உள்ளாடையை மாற்றுவதில்லை எனச் சூளுரைத்தார், முற்றுகை மூன்றாண்டுக்கும் மேல் நீடித்ததால் அத்துணி மஞ்சள் பழுப்பாக மாறியது. ஆனால் அந்த முற்றுகை தொடங்கியதோ 1601 ஜூலையில். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தின் ஆடைப் பட்டியலில் ‘இசபெல்லா நிற’ அங்கி 1600-லேயே பதிவாகியிருக்கிறது. பிறகு நடந்த நிகழ்ச்சி முன்பே வழங்கிய சொல்லுக்கு மூலமாக முடியாது என்பதால், இக்கதையைத் தயக்கமின்றித் தள்ளிவிடலாம். இதையே 1492-இல் முடிந்த கிரனாடா முற்றுகையோடும் காஸ்டீல் அரசி முதலாம் இசபெல்லாவோடும் இணைத்துச் சொல்வோர் உண்டு. ஒரே கதை இரு அரசியர்க்கும் பொருத்தப்படுவதே ஐயத்தை வலுப்படுத்துகிறது. பெண்பெயரோடு ஒத்திருக்கும் நிறப்பெயருக்குப் பிற்காலத்தார் புனைந்த விளக்கம் இது என்பதே என் முடிவு.

‘பாலோமினோ’வோ புறாவைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்த சொல்.

இது தனி இனமன்று, நிறம் மட்டுமே. செம்பழுப்புக் குதிரைக்கு, நிறத்தை வெளிறச் செய்யும் ‘கிரீம்’ மரபணு பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் கிடைத்தால் பொன்னிறம் தோன்றும். இருவரிடமிருந்தும் கிடைத்தால் குட்டி நீலக் கண்களோடு ஏறத்தாழ வெண்மையாகப் பிறக்கும்.