ரத்தக்காட்டேரி கடித்தால் தொற்றுமா?

கேள்வி: ரத்தக்காட்டேரி கடித்தால் கடிபட்டவரும் காட்டேரியாகிவிடுவார் என்கிறார்களே, அதை ஒரு தொற்றுநோய் என்று வைத்துக்கொண்டால் எப்படிப் பரவும் டாக்டர்? வீட்டில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

பதில்: நான் சிரிக்கமாட்டேன். எல்லோரும் காட்டேரி உறிஞ்சுகிற ரத்தத்தையே பார்க்கிறார்கள், ஆனால் நோயைத் தருவது கடிவாயில் இறங்குகிற எச்சில். கொசுவும் அப்படித்தான், ரத்தம் உறையாமல் இருக்கக் கொஞ்சம் எச்சிலை இறக்கிவிட்டுத்தான் உறிஞ்சும், மலேரியாக் கிருமி அதோடுதான் உள்ளே போகிறது.

சரி, எச்சிலில் கிருமி, கடித்தால் தொற்று, தொற்றிய பிராணிக்கும் கடிக்கிற வெறி. வெறிநாய்க்கடி, அதாவது ரேபிஸ், ஞாபகம் வருகிறதா? தூக்கம் போய்விடும், முகத்தில் காற்று பட்டாலே உடம்பு தூக்கிப்போடும், வெளிச்சம் ஆகாது, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்தாலே தொண்டை இழுத்துக்கொள்ளும், விழுங்க முடியாமல் எச்சில் வழியும். காட்டேரிக் கதைக்கு ரேபிஸ்தான் மூலமாக இருக்கலாம் என்று ஸ்பெயின் நரம்பியல் மருத்துவர் ஹுவான் கோமெஸ் அலோன்சோ 1998-ல் கட்டுரையே எழுதினார். நிஜமாகவே ரத்தம் குடிக்கும் வௌவால்கள் தென் அமெரிக்காவில் மாடுகளுக்கு ரேபிஸைப் பரப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. சிலர் போர்ஃபிரியாவை, அதாவது ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளை உடம்பு சரியாகத் தயாரிக்க முடியாத நோயை, இழுப்பார்கள். அதில் சில வகைகளுக்கு வெயில் ஆகாது என்பது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, கடித்தால் ஒட்டாது.

எனக்குக் கதையில் இடிப்பது வேகம்தான். ஒரு காட்டேரி இரவுக்கு ஒருவரைக் கடித்து, கடிபட்டவரும் அடுத்த இரவே கிளம்பிவிட்டால், கணக்கு 1, 2, 4, 8 என்று இரட்டித்து 33-வது இரவில் 850 கோடியைத் தாண்டும், அப்புறம் கடிக்க ஆள் ஏது? அதனால் உங்கள் நோய்க்குக் கிருமி பதுங்கியிருக்கும் காலம் ஒன்று வேண்டும். ரேபிஸில் அது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். வைரஸ் நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறும், அதனால் முகத்திலோ கழுத்திலோ கடித்தால் தூரம் குறைவு, ஆபத்து அதிகம். காட்டேரி கழுத்தைத் தேர்ந்தெடுப்பது கிருமிக்கு ரொம்ப வசதி!

வைரஸ் மூளைக்கு ஏறுவதற்குள் தடுப்பூசி முந்திக்கொள்ள வேண்டும், அறிகுறி வந்தபின் ரேபிஸில் பிழைப்பது மிக அரிது. ஆகவே கடித்தது காட்டேரியோ நாயோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலினும், அதாவது வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப்பொருளும், காயத்தைச் சுற்றிப் போடுவார்கள், வலிக்கும், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.