மலைப்பாதைக்கு வோக்கி டோக்கி: பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீற்றரை நம்பாதீர்கள்

நாலு வானில் கொழும்பிலிருந்து நுவரெலியா போகிறோம், எந்த வோக்கி டோக்கி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தோடுதான் போவீர்கள், ஏதோ ஒரு வானில் வயசானவர்களும் இருப்பார்கள். அதனால் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து மூன்று வானில் அவிசாவளை, கித்துல்கல வழியாகப் போனோம். லண்டனிலிருந்து மச்சான் கொண்டுவந்த செட்டுகள். பெட்டியில் பத்துக் கிலோமீற்றர் என்று போட்டிருந்தது. சமதரையில் நன்றாகத்தான் கேட்டது. கினிகத்தேனை ஏற்றத்தில் கடைசி வான் சூடேறி நின்றுவிட்டது. அதில் சித்தப்பா, சீனி வருத்தக்காரர். அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இடையில் மலை, முன்வானில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடுவானுக்குக் கேட்டிருக்கும். ஆனால் அதில் மகள் பொத்தானை அமத்தி விளையாடி, சின்னத் திரையில் சனல் 5 இருந்த இடத்தில் 6 நின்றது. சனல் மாறினால் மற்றச் செட்டுகள் கேட்காது. ஹற்றனில் முக்கால் மணித்தியாலம் காத்திருந்து, திரும்பிப் போய்த்தான் கண்டுபிடித்தோம். "போன் இருக்கே" என்று எழுத வருகிறவர்களுக்கு: அந்த வளைவில் போனுக்கும் சிக்னல் இல்லை.

பிறகுதான் விசாரித்தேன். அது 446 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்கிற அரை வாட் செட். அன்டெனாவைக் கழற்ற முடியாது, அதனால் கூரையில் வேறொன்று பூட்டவும் வழியில்லை. வானின் தகரத்துக்குள்ளேயே பாதிச் சக்தி போய்விடும். நீங்கள் எடுப்பதென்றால் நாலைந்து வாட், அன்டெனா கழற்றக்கூடியது, பொத்தான் பூட்டு உள்ளது. காந்த அன்டெனாவைக் கூரையில் வைத்து வயரை உள்ளே எடுங்கள். நடுவானில் பொறுப்பான ஒருவர் இருந்து, பின்னால் கேட்பதை முன்னுக்குச் சொல்லட்டும்.

லண்டனில் அந்தச் செட்டுக்கு லைசன்ஸ் தேவையில்லை என்பது இங்கே செல்லாது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி எடுத்து, அவர்கள் தருகிற அலைவரிசையில்தான் கதைக்க வேண்டும். பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அம்மா அந்தச் செட்டைக் கண்டவுடன், "இதைக் கையிலை வைச்சிருக்காதை" என்றார். கந்தோரில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். சோதனைச் சாவடியில் பையைக் கவிழ்த்துக் கொட்டி, டோர்ச் பற்றரிக்கும் காரணம் சொல்லி நின்ற தமிழ்ச்சனத்தின் பயம் அது. சிரித்தவர்களில் ஒருவரும் அப்படி நின்றதில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. லைசன்ஸ் பிரதி ஒவ்வொரு வானிலும் இருக்கட்டும்.

அப்புறம், பொத்தானை அமத்தியவுடன் கதைக்காதீர்கள், ஒரு விநாடி பொறுங்கள். முதல் சொல் வெட்டுப்பட்டுப் போகும். "நாலாவது வான் நிக்குது" என்றால் மற்றவர்களுக்கு "வான் நிக்குது" என்றுதான் கேட்கும்.