உயிரியலை விட்டு டேட்டா சயின்ஸுக்கு மாறலாமா?

உயிரியல் கடைசி வருடம் படிக்கும் உங்கள் மகளை அதோடு நிறுத்தி, முதலிலிருந்து டேட்டா சயின்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவளிடம் இருக்கும் உயிரியல்தான் அவளுக்கு மூலதனம், ஏன் என்று சொல்கிறேன்.

பிக் டேட்டா, அதாவது மிகப் பெரிய தரவுக் குவியல்களை அலசும் கருவிகளைச் செய்தவர்கள் கணினிக்காரர்கள், தங்களைப் போன்றவர்களை நினைத்தே செய்தார்கள். 2006இல் அப்படியொரு கருவியான ஹடூப் வந்த புதிதில் ஒரு சின்னக் கணக்கு எடுப்பதற்கும் ஜாவாவில் நிரல் எழுத வேண்டும், மருத்துவரோ மண் ஆராய்ச்சியாளரோ அதன் பக்கம் எப்படிப் போவார்? அப்புறம் அதன் மேல் ஓடும் ஹைவ் வந்தது, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் தெரிந்தால் போதும் என்றானது. உயிரியலாளர்களுக்கென்றே கேலக்ஸி என்று ஒரு தளம் இருக்கிறது, கோடிங் தெரியாதவர்கூட பிரவுசரிலேயே டிஎன்ஏ தரவை அலசலாம்.

ஆனால் கருவிகளை மற்றத் துறையினருக்கு ஏற்றதாக்கும் வேலை இன்னும் பாதி பாக்கி. மார்ச்1 என்ற மரபணுப் பெயரை எக்செல் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும், அந்தப் பிழை ஆய்வுக் கட்டுரைகளோடு வெளியான தரவுக் கோப்புகள் வரைக்கும் போனது. கடைசியில் 2020 வாக்கில் மரபணுவின் பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டார்கள்! எக்செல்லில் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்க வசதி வந்தது 2023இல்தான். உயிரியல் தெரிந்த ஒருவர் மென்பொருள் குழுவில் உட்கார்ந்திருந்தால் இதை முதல் நாளே சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம்.

அந்த ஆளாக உங்கள் மகள் ஆகலாம். முதலில் எஸ்க்யூஎல், பிறகு பைத்தான் நிரல்மொழியில் தரவை அலச உதவும் பாண்டாஸ், கூடவே புள்ளியியல், அதை மட்டும் மேலோட்டமாகப் படிக்க விடாதீர்கள். கேலக்ஸியின் பயிற்சிப் பாடங்கள் இலவசம்தான். இதைவிட முக்கியமான ஒன்று: அவளுடைய பேராசிரியரோ சீனியரோ தரவை அலசும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், எந்த இடத்தில் திணறுகிறார்கள், எப்போது சலித்துப்போய் எக்செல்லுக்கே திரும்புகிறார்கள், எந்தப் பிழைச் செய்தி புரியாமல் விழிக்கிறார்கள் என்று குறித்துவைத்து, அதில் ஒரே ஒரு சிக்கலுக்கு அவளே ஒரு சின்னத் தீர்வு செய்து பார்க்கட்டும். நேர்காணலில் சான்றிதழ்களை விட அதைப் பற்றித்தான் அதிகம் பேச முடியும்.

ஒரு எச்சரிக்கை, துறை அறிவையும் தரவுக் கருவிகளையும் இணைக்கும் இந்த வேலைக்கு ஒரே பெயர் கிடையாது. பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (உயிரியல் தரவைக் கணினியில் அலசுவது), யூஸர் ரிசர்ச் (பயனர்களின் தேவையை ஆராய்வது), ப்ராடக்ட் அனலிஸ்ட் (ஒரு மென்பொருளின் பயன்பாட்டுத் தரவை அலசுபவர்) என்று விளம்பரங்களில் சிதறிக் கிடக்கும், அதனால் தலைப்பை விட்டுவிட்டு வேலை விவரத்தைப் படிக்கப் பழக்குங்கள். சரி, அவளுக்கு கோடிங்கே பிடிக்கவில்லை என்றால்? ஒரு மாதம் எஸ்க்யூஎல் மட்டும் போட்டுப் பார்க்கட்டும், அதற்குள் கட்டணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்.